குரைக்கும் நாய்க்குக் கூலி கொடுப்பது யார்?

அரசியலும் விலைவாசியும் பேசித் தீராதிருக்க, நாய்க்குத் தின்பண்டம் கொடுப்பதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால், இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் நீர்வெறுப்பு நோயினால் 377 பேர் மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஏறத்தாழ இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. இன்னும் முற்றாக அற்றுப்போகவில்லை. இதை நினைவிற் கொண்டால், ஒரு நாய் யாரை நோக்கிப் பாய்கிறது, ஏன் பாய்கிறது, பாயாதிருக்க அதற்குக் கற்றுக்கொடுப்பது யார் என்பவை வேடிக்கைக் கேள்விகள் அல்ல என்பது புலப்படும்.

கேள்வியை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டித் தீபகற்பத்தில் குறிஞ்சிப்பிட்டி என்றொரு சிற்றூர் உண்டு. தீபகற்பத்தின் மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. பாலாவிச் சந்தியிலிருந்து நுரைச்சோலை, தலவில் எனக் கடந்து கற்பிட்டிக் கோட்டை வரை செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் மணல் நிலம். அந்த மணலிலே நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிக்கிறார்கள். கரையிலே மீனவர் வாடிகள். வாடிகளின் அருகே கருவாடு காயும் தட்டுகள். அண்மைக் காலத்தில் இவற்றோடு சுற்றுலா விடுதிகளும் சேர்ந்துகொண்டன. டொல்பின் பார்ப்பதற்கும், காற்றாடி கட்டிக் களப்பு நீரிலே சறுக்கி விளையாடுவதற்கும் வெளிநாட்டார் வருகின்றனர்.

தோட்டம், வாடி, விடுதி ஆகிய இம்மூன்று இடங்களிலும் பொதுவாக உள்ள பிராணி நாய். தோட்டக்காரருக்கு அது காவல். வாடிக்காரருக்கு அது பாதித் தொல்லை, பாதித் துணை. சுற்றுலாப் பயணிக்கோ அது படமெடுக்கத் தக்க ஒரு பொழுதுபோக்கு.

இத்தகைய கடற்கரை ஊர்களில் நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். காலையில் விடுதி வாசலில் நாய் ஒன்று பயணியின் மேல் முன்னங்கால்களை வைத்துத் தாவுகிறது. அவர் சிரிக்கிறார், தட்டிலிருந்து ஒரு துண்டு கோழி இறைச்சியை எடுத்துப் போடுகிறார். நண்பகலில் அதே நாய், பாடசாலை விட்டு வரும் ஒரு சிறுமியின் மேல் அதே விதமாகத் தாவுகிறது. சிறுமி அலறுகிறாள். பெரியவர்கள் கல்லெடுக்கிறார்கள். ஒரே செயலுக்குக் காலையில் கோழி, மதியம் கல். நாய்க்கு இதில் விளங்குவது என்ன? தாவுவது தவறு என்று விளங்காது. சிறு உருவமும் அலறும் குரலும் உள்ள மனிதர்கள் ஆபத்தானவர்கள் என்பதே விளங்கும். அடுத்த முறை அது தாவாமல் கடிக்கவும் கூடும்.

இங்கே நாய் கெட்டதா? அதற்குப் பாடம் சொன்னவர்கள் கெட்டவர்களா? எவரும் கெட்டவர் அல்லர். கொடுக்கும் கைக்கு, தான் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரியவில்லை. அவ்வளவே.

நாய்க்கு நம் நோக்கம் தெரியாது. விளைவு மட்டுமே தெரியும். எச்செயலை அடுத்து நல்லது கிடைக்கிறதோ அச்செயலை அது மீண்டும் செய்யும். இது ஒன்றை மறவாதிருந்தால் நாய் பழக்குவதில் முக்கால் பங்கு முடிந்தது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக் 1898ஆம் ஆண்டிலேயே பூனைகளைக் கூண்டில் அடைத்துப் பார்த்து இந்த உண்மையைச் சொன்னார். அவருக்குப் பின் வந்த பி. எப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு அதை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார். ஆனால், நம் வீட்டு முற்றத்தில் அவ்வுண்மை இன்னும் குடிபுகவில்லை.

நாள்தோறும் காணும் ஒரு காட்சியையே எடுத்துக்கொள்வோம். படலையடியில் சைக்கிள் வந்து நிற்கிறது. நாய் வேலியை உடைப்பது போலக் குரைக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு முறை அதட்டுகிறார், பலனில்லை. உள்ளே சென்று ஒரு மாரி விசுக்கோத்தைக் கொண்டுவந்து போடுகிறார். நாய் வாயை மூடிக்கொள்கிறது. வந்தவரும் போய்விடுகிறார். விசுக்கோத்துக்கு நல்ல பலன் கிடைத்தது என்று வீட்டுக்காரர் மகிழ்கிறார். நாயும் மகிழ்கிறது, குரைத்தால் விசுக்கோத்து வரும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. மறுநாள் இன்னும் சற்று முன்கூட்டியே, இன்னும் சற்று உரத்துக் குரைக்கும். சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கும் வேலையை எவன்தான் விடுவான்?

இதைக் கண்டவர்கள் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். தீனி கொடுத்துப் பழக்குவது நாயைக் கெடுக்கும் என்பது ஒன்று. அடியாத மாடு படியாது என்பது மற்றொன்று. இரண்டும் பிழை என்பதே என் கருத்து. குற்றம் தீனியினுடையது அன்று. அது கொடுக்கப்பட்ட நேரத்தினுடையது.

லஞ்சத்துக்கும் கூலிக்கும் உள்ள வேறுபாட்டை நம் நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காரியம் நடப்பதற்கு முன் காட்டப்படுவது லஞ்சம்; காரியம் முடிந்தபின் கொடுக்கப்படுவது கூலி. லஞ்சம் வாங்கிப் பழகியவர் கையில் காசைக் காணாமல் கோப்பைத் தொடமாட்டார். விசுக்கோத்தைக் காட்டிக் காட்டிக் கூப்பிடப்பட்ட நாயும் அவ்வாறே. கையில் ஒன்றுமில்லை என்று கண்டால் திரும்பியும் பாராது. கூலி பெற்றுப் பழகிய நாய், கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வேலையைச் செய்துவிட்டு முகத்தைப் பார்க்கும். ஆகவே தீனி மறைவாக இருக்க வேண்டும். சட்டைப் பையிலோ அலுமாரித் தட்டிலோ இருக்கட்டும். செயல் முதலில், தீனி பிறகு.

பிறகு என்றால் எவ்வளவு பிறகு? இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகின்றனர். செயல் முடிந்து ஓரிரு விநாடிக்குள் கூலி கிடைக்க வேண்டும். இரு என்று சொல்கிறீர்கள், நாய் இருக்கிறது. நீங்கள் மகிழ்ந்து சமையலறைக்குப் போய்ப் போத்தலைத் திறந்து தீனியை எடுத்து வருவதற்குள் நாய் எழுந்து உங்கள் பின்னே வந்து சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் கொடுத்தால், சேலையை இழுத்ததற்கே கூலி கொடுத்தவர் ஆகிறீர்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்த கதை கற்பிட்டிக் கடலோடு ஒருவகை உறவு கொண்டது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கற்பிட்டிக்கு அப்பால் உள்ள கடலில் நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரை கூட்டங்கூட்டமாகத் துள்ளும் டொல்பின்களில் பெரும்பாலானவை, வானில் எழும்பி உடலைப் பம்பரம் போல் சுழற்றி விழும் இனத்தைச் சேர்ந்தவை. டொல்பினை அடித்துப் பழக்க எவராலும் இயலாது. கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. அதட்டினால் அது குளத்தின் மறு கோடிக்கு நீந்திப் போய்விடும். எனவே, டொல்பின்களைப் பழக்க முன்வந்தவர்களுக்கு மீனைத் தவிர வேறு ஆயுதம் இருக்கவில்லை. அதிலும் ஓர் இடர்ப்பாடு. டொல்பின் துள்ளுவது குளத்தின் நடுவே. மீன் வாளி இருப்பது கரையில். துள்ளிய கணத்துக்கும் மீன் கிடைக்கும் கணத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை எவ்வாறு நிரப்புவது? விசில் ஒன்றை ஊதி நிரப்பினார்கள். விசில் கேட்டால் மீன் வரும் என்று முதலில் பழக்கினார்கள். பின்னர், விரும்பிய செயல் நிகழும் அதே கணத்தில் விசிலை ஊதினார்கள். எதற்காக மீன் என்பது டொல்பினுக்கு ஐயமற விளங்கிற்று.

ஸ்கின்னரின் மாணவர்களாயிருந்த கெலர், மரியன் பிரிலண்ட் தம்பதியர் இம்முறைக்கு அடிகோலினர். ஹவாய்த் தீவிலுள்ள சீ லைஃப் பார்க் நிலையத்தில் 1963 முதல் டொல்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் அதை மேலும் செம்மைப்படுத்தினார். அவர் பழக்கியவற்றுள் கற்பிட்டிக் கடலில் காணும் அதே சுழலும் இனமும் இருந்தது. நாயைச் சுட்டுவிடாதீர்கள் என்ற பொருள்படும் தலைப்பில் 1984ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், டொல்பின் பாடத்தை நாய் வளர்ப்போரிடம் கொண்டு சேர்த்தது. இன்று பல நாடுகளிலும் பயிற்றுநர்கள் கையில் வைத்துச் சொடுக்கும் சிறு கருவி அந்த விசிலின் வழிவந்ததே. கருவி இல்லாவிட்டாலும் குறையொன்றுமில்லை. சரி என்ற ஒரு சொல் போதும். எப்போதும் ஒரே தொனியில், செயல் நிகழும் கணத்தில் அச்சொல்லைச் சொல்லி, உடனே தீனியைக் கொடுத்து வந்தால் சில நாட்களில் அச்சொல்லே நாய்க்கு விசிலாகிவிடும்.

இனி, தீய பழக்கத்தைத் திருத்துவது எப்படி என்ற கேள்விக்கு வருவோம்.

முதலாவது, செய்யாதே என்பதை நாய்க்குக் கற்பிக்க இயலாது. வேறொன்றைச் செய் என்பதையே கற்பிக்க இயலும். தாவாதே என்று நூறு முறை கத்துவதை விட, ஆள் வந்தால் இரு என்று ஒன்றைப் பழக்குவது எளிது. இருக்கும் நாயால் தாவ முடியாது. படலையடியில் குரைக்கும் நாயை, சைக்கிள் மணி கேட்டதும் திண்ணையிலுள்ள சாக்குக்கு ஓடிவரப் பழக்கலாம். சாக்கில் கிடக்கும் நாயால் படலையை மோத முடியாது. கெட்ட பழக்கத்தின் இடத்தில் நல்ல பழக்கம் ஒன்றை உட்காரவைத்து, கூலியை அதற்கு மாற்றிவிட வேண்டும். முதலில் எவரும் வராத நேரத்தில் பழக்குங்கள். பிறகு வீட்டார் ஒருவர் மணியடிக்கட்டும். அதன் பிறகே அயலவர். சத்தம் நிறைந்த சந்தையில் குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பவர் உண்டா?

இரண்டாவது, பழைய கூலியை முற்றாக நிறுத்த வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் காலடியில் நின்று சிணுங்கும் நாய்க்கு அப்பா கொடுப்பதில்லை, அம்மா கொடுப்பதில்லை. ஆனால், பத்து நாளைக்கு ஒருமுறை பாட்டி இரக்கப்பட்டு ஒரு துண்டு மீனை மேசைக்குக் கீழே தள்ளுகிறார். இதனால் நாயின் சிணுங்கல் குறையுமா? குறையாது, இரும்பாக இறுகும். எப்போதோ ஒருமுறை கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை மிக ஆழமாக வேரூன்றச் செய்கிறது என்பதை ஸ்கின்னரும் சார்ள்ஸ் பெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாகக் காட்டினர். லொத்தர்ச் சீட்டு வாங்குபவர் ஒவ்வொரு நாளும் வெல்வதாலா வாங்குகிறார்? ஆகவே வீட்டார் அனைவரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும். பாட்டியை இணங்கவைப்பது நாயை இணங்கவைப்பதைவிடக் கடினம் என்பது வேறு விடயம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கூலியை நிறுத்திய முதல் சில நாட்களில் நாய் முன்னிலும் உரக்கக் குரைக்கும், சிணுங்கும். தண்ணீர் வராத குழாய்க்கிணற்றின் கைப்பிடியை நாமும் முதலில் இன்னும் வேகமாக அடித்துத்தானே பார்க்கிறோம்? அந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து ஒரு துண்டைப் போட்டுவிட்டால், இவ்வளவு உரத்துக் குரைத்தால்தான் கிடைக்கும் என்ற புதிய பாடத்தை நாமே புகட்டியவர்கள் ஆவோம்.

மூன்றாவது, நல்ல பழக்கம் படிந்தபின் தீனியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும். பிறகு இரண்டு மூன்று முறைக்கு ஒருமுறை. அதன்பின் எப்போதாவது. பாட்டி அறியாமல் செய்ததை நாம் அறிந்து, நல்லதற்காகச் செய்கிறோம். பாராட்டுச் சொல்லும், படலைக்கு வெளியே ஒரு சிறு நடையும், பந்தெறிதலும் தீனியின் இடத்தைப் பிடிக்கும். வாழ்நாள் முழுதும் சட்டைப் பையில் தீனியோடு திரிய வேண்டுமா என்று அங்கலாய்ப்போருக்கு இதுவே விடை.

இவையெல்லாம் உற்சாகத்தாலும் பழக்கத்தாலும் வரும் குறும்புகளுக்கு. அச்சத்தால் உறுமும் நாய்க்குக் கணக்கு வேறு.

முன்பு கல்லடி பட்ட நாய், தலைப்பாகையோ தொப்பியோ அணிந்த ஆளைக் கண்டால் உறுமுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உறுமல் குறும்பு அன்று. கிட்ட வராதே என்ற வேண்டுகோள். அதை அடித்து அடக்கினால் அச்சம் போகாது. எச்சரிக்கை மட்டுமே போகும். உறுமாமல் கடிக்கும் நாயை விட ஆபத்தான நாய் இல்லை. இத்தகைய நாய்க்குக் கூலிக் கணக்கைப் பார்க்காமல், அஞ்சும் பொருள் தொலைவில் தோன்றும்போதெல்லாம் நல்ல தீனி தோன்றச் செய்ய வேண்டும். தொலைவு முக்கியம், நாய் கண்டும் கலங்காத தூரம். ஆள் தோன்றினார், தீனி வந்தது. ஆள் மறைந்தார், தீனி நின்றது. இந்த வரிசை மாறக்கூடாது. தீனி முதலில் வந்து ஆள் பின்னால் வந்தால், தீனியே அச்சத்தின் அறிகுறியாகிவிடும். மணியோசையும் உணவும் பற்றி நாம் பள்ளியில் படித்த ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் பாடம் இதுவே. சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற அவர், நாயின் உமிழ்நீரைக் கொண்டு மனத்தின் வாசலையும் திறந்துகாட்டினார். அஞ்சும் நாய்க்குத் தீனி கொடுத்தால் அச்சம் வளருமோ என்று சிலர் தயங்குகிறார்கள். குரைப்பது ஒரு செயல். செயலுக்குக் கூலி உண்டு. அச்சம் ஓர் உணர்வு. நல்ல உணவு அதைத் தணிக்குமேயன்றி வளர்க்காது.

அடியின் பக்கம் நின்று வாதிடுவோரையும் கேட்கத்தான் வேண்டும். ஜேர்மனியரான கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய பயிற்சி நூலின் வழியே, சுண்டி இழுக்கும் வாரும் பிரம்பும் காவல்துறை நாய்களுக்கும் இராணுவ நாய்களுக்கும் நெடுங்காலம் ஆசிரியர்களாயிருந்தன. நாய் ஓநாயின் வழிவந்தது, கூட்டத்தின் தலைவன் நாமே என்று அதை அடக்கிக் காட்ட வேண்டும் என்ற கொள்கையும் பரவலாயிற்று. அக்கொள்கையின் வேர், ருடோல்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வு. அவர் பார்த்தவை அடைபட்டுக் கிடந்த ஓநாய்கள். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் குட்டிகளும் அடங்கிய ஒரு குடும்பமே என்று, அக்கொள்கையைப் பரப்புவதில் தமக்கும் பங்கிருந்த டேவிட் மெக் என்ற ஆய்வாளரே 1999இல் எழுதினார். ஓநாயின் பெயரால் நாயை மல்லாத்தி அமுக்குவதற்கு இனி ஓநாயும் சாட்சி சொல்லாது.

வீட்டில் செருப்பைக் கடித்துப் போட்ட நாய், நாம் மாலையில் திரும்பியதும் காதைத் தாழ்த்தி, கண்ணைத் தாழ்த்தி, மூலையில் ஒடுங்குகிறது. தான் செய்த தவறு அதற்குத் தெரியும் என்று நாம் அடிக்கிறோம். 2009ஆம் ஆண்டில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். தவறு செய்த நாயும் செய்யாத நாயும் ஒன்றுபோலவே அந்த முகத்தைக் காட்டின. வீட்டுக்காரர் அதட்டியபோதே அது மிகுதியாகத் தோன்றியது. அது குற்ற உணர்வன்று. நம் முகத்தைப் படித்த அச்சம். காலையில் நடந்ததற்கு மாலையில் விழும் அடி, நம் வீடு திரும்பலையே நாய்க்குத் தண்டனையாக்குகிறது.

அடித்துப் பழக்குவதால் பலனே இல்லையா என்றால், உண்டு. அடிப்பவர் முன்னிலையில் மட்டும் உண்டு. விலையும் உண்டு. போர்த்துக்கலில் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, கடுமையான முறையில் பழக்கப்பட்ட நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் கூடுதலாக இருந்ததையும், பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் அழுத்தச் சுரப்பான கோர்ட்டிசோல் உயர்ந்ததையும் கண்டது. கழுத்தில் மின்னதிர்வு தரும் பட்டைகளை வேல்ஸ் நாடு 2010இலேயே தடைசெய்துவிட்டது. நன்றியுள்ள பிராணி அன்புக்காகவே கீழ்ப்படிய வேண்டும், தீனிக்காக அன்று என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி: நீங்கள் உங்கள் தொழிலை நேசிக்கிறீர்கள் அல்லவா? மாத முடிவில் சம்பளத்தை வேண்டாம் என்பீர்களா?

குறிஞ்சிப்பிட்டி போன்ற ஊர்களில் எழக்கூடிய மற்றொரு தயக்கத்தையும் குறிப்பிட வேண்டும். கற்பிட்டித் தீபகற்பத்தில் முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். அதனால் நாயைத் தொட்டுத் தடவிப் பழக்குவது அங்கே இயல்பன்று. ஆனால், வேட்டைக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருப்பதற்கு இடமுண்டு. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் வேட்டைப் பிராணிகளுக்குக் கற்பிப்பதைப் பற்றியே பேசுகிறது. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியதால் இறைவனின் மன்னிப்பைப் பெற்றவர் பற்றிய நபிமொழியை அறியாதாரும் இல்லை. தொடாமல் பழக்க வேண்டியவருக்குத் தீனி முறையைப் போல் பொருத்தமான முறை வேறில்லை. சரி என்று சொல்லி, ஐந்தடி தூரத்தில் ஒரு துண்டை எறிந்தால் போதும். தடவலும் வேண்டாம், கயிறும் வேண்டாம், கல்லும் வேண்டாம். குளத்து நடுவிலிருந்த டொல்பினை எவரும் தொட்டா பழக்கினர்?

எதைக் கொடுப்பது? விலையுயர்ந்த பொதிகள் தேவையில்லை. முள் நீக்கி அவித்த மீன், அவித்த கோழி இறைச்சி, முட்டையின் ஒரு சிறு துண்டு, ஒன்றுமில்லாவிட்டால் பாணின் ஓரம். அளவு கடலைப்பருப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம். நாய் எண்ணிக்கையைப் பார்க்குமேயன்றி எடையைப் பார்க்காது. பயிற்சிக்காகக் கொடுப்பது அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், அதற்கேற்ப சோற்றைக் குறைத்துக்கொள்வது நலம். கற்பிட்டியில் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும் கருவாடு உப்பு மிகுந்தது. அப்படியே கொடுப்பது நன்றன்று. அவ்வூர் பெருமைப்படும் வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பச்சையாயினும் வெந்ததாயினும் அது இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். உள்ளி, சொக்லேட், திராட்சை, முந்திரிகை வற்றல் ஆகியவையும் ஆகாதவை. வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும்.

தீனியின் எல்லையையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை தீங்கு செய்ததாகும். நேற்றுவரை சாதுவாயிருந்த நாய் இன்று காரணமின்றிச் சீறினால் முதலில் தேட வேண்டியது நோவை. காதிலோ பல்லிலோ புண் இருக்கலாம். அது கால்நடை வைத்தியரின் வேலை. வாயில் நுரையோடும், தள்ளாடும் நடையோடும், கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டும் அலையும் நாயிடம், அல்லது வழக்கத்துக்கு மாறாக மந்தமாய் ஒளிந்துகிடக்கும் நாயிடம் தீனியோடு எவரும் நெருங்கக்கூடாது. கடித்துவிட்டால், கடித்தது வீட்டு நாயானாலும் குட்டியானாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். நோயின் அறிகுறி தோன்றியபின் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. சிறுவர்கள் அடிக்குப் பயந்து நாய்க்கடியை மறைப்பதுண்டு. அவர்களை அடிக்காமலிருப்பதும் உயிர்காக்கும் செயலே.

இனி, அரசு என்ன செய்கிறது என்று பார்ப்போம். நீர்வெறுப்பு நோய்ச் சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டவை. நூற்றாண்டுக்கும் மேலாக இந்நாட்டின் நாய்க் கொள்கை பிடிப்பதும் கொல்வதுமாகவே இருந்தது. 2006ஆம் ஆண்டில் கொல்லாமைக் கொள்கை ஏற்கப்பட்டதன் பின், தடுப்பூசியும் கருத்தடையுமே வழி என்றாயிற்று. இது சரியான திசை. ஆயினும் ஒன்று விடுபட்டுப்போனது. கொல்வதில்லை என்று முடிவு செய்த சமூகம், கூடி வாழ்வது எப்படி என்று கற்றிருக்க வேண்டும். அதைக் கற்பிக்க எவரும் முன்வரவில்லை.

செலவு மிகுந்த திட்டங்களை நான் கேட்கவில்லை. பாடசாலைகளில் சுகாதாரப் பாடத்தோடு ஒரு மணித்தியாலம்: ஓடாதே, கண்ணை உற்றுப் பாராதே, உண்ணும் நாயைத் தொடாதே, தாவும் நாய்க்குக் கொடாதே. தடுப்பூசி முகாமுக்கு நாயோடு வரும் வீட்டுக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசும் ஓர் ஊழியர். சுற்றுலா விடுதிகளில், கரையோர நாய்களுக்குத் தீனி கொடுப்பதாயின் நான்கு கால்களும் நிலத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள் என்று ஒரு சிறு பலகை. பயணி இரண்டு கிழமையில் ஊர் திரும்பிவிடுவார். அவர் கற்பித்த பாடத்தோடு வாழ வேண்டியவர்கள் ஊராரும் அந்த நாயும். விருந்தாளி செய்யும் தாராளத்துக்கு விலை கொடுப்பது ஊர்ப் பிள்ளையின் கால் சதையாக இருக்கக்கூடாது. விடுதி நடத்துவோர் ஆண்டுதோறும் அந்நாய்களுக்குத் தடுப்பூசி போடச் செய்வதையும் தம் கடமையாகக் கொள்ளலாம்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நம் முன்னோர் சொன்னது வாலைப் பற்றி. அது உண்மையாயிருக்கலாம், வாலை நிமிர்த்த வேண்டிய தேவையும் எவருக்கும் இல்லை. நாயின் நடத்தையை நிமிர்த்த முடியும். பருப்பளவு மீன் துண்டும், கணம் தவறாத ஒரு சொல்லும், வீட்டார் எல்லோருக்கும் ஒரே மனமும் இருந்தால் போதும். இவற்றுள் முதலிரண்டும் எளிதிற் கிடைப்பவை. மூன்றாவதற்கு நாம்தான் பழக வேண்டும்.